கட்டம் கட்டமாக ஒரு மனு

செத்துப்போன கம்ப்யூட்டர்களை எழுப்புகிறவள் என்று செய்யதலி பாத்திமாவுக்கு ஊரில் பெயர். கலெக்டர் ஆபீஸ் சாலையில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே, பத்துக்குப் பன்னிரண்டு அறைதான் அவளுடைய கடை. வயது முப்பத்தாறு. பேச்சு குறைவு.

அவளுடைய சீடருக்கு வயது அறுபத்தொன்று. பெயர் கோமதிநாயகம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஊரும் சிரித்தது.

கோமதிநாயகம் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியின் சர்வர் அறையை முப்பது வருஷம் கட்டி ஆண்டவர். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய மாதம், வீட்டு மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அந்த மாடிப்படி ஏறினார். பதினேழு வருஷத்துப் பெட்டி.

"இது இனிமே தேறாதும்மா. உள்ள ஏதாவது உதவும்னா கழட்டி எடுத்துக்கோ" என்றார்.

பாத்திமா மூடியைத் திறந்தாள். தூசியை ஊதினாள். ஒரு பென் டிரைவைச் செருகினாள். அரை மணி நேரத்தில் திரை விழித்துக்கொண்டது.

கோமதிநாயகத்துக்குப் புல்லரித்துவிட்டது. ஆயிரம் சர்வர்களைக் கண்ட மனிதர், ஒரு ஓட்டைப் பெட்டியின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "நாங்க அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா எல்லாத்தையும் தூக்கிக் குப்பைல போட்டோமே" என்றார். அதை யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பாத்திமா ஏன் என்று கேட்கவில்லை. அவர் இருந்துவிட்டார். அவளை 'வாத்தியாரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார். முதல் இரண்டு நாள் கேலியாக, அப்புறம் நிஜமாகவே.

அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"விண்டோஸ் ஓடாத பழைய பெட்டிக்கு லினக்ஸ் போடுறீங்க. அதுலயே நூறு வகை இருக்கு. எல்லாத்துலயும் எது லேசானது வாத்தியாரம்மா?"

பாத்திமா ஒரு பெட்டியின் விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"யாருக்கா? பெட்டிக்குத்தான்."

"அப்ப பெட்டிகிட்டயே கேளுங்க."

அவள் அலமாரியிலிருந்து ஒரு பழைய பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

கோமதிநாயகம் விடவில்லை. பதினோரு நாள் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினார். லினக்ஸ் வகைகளில் பப்பி போட்டுப் பார்த்தார். ஆன்டிஎக்ஸ் போட்டுப் பார்த்தார். லுபுண்டு, டைனி கோர் என்று ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கி, எது எத்தனை நொடியில் திறக்கிறது, சும்மா இருக்கும்போது எவ்வளவு மெமரியை விழுங்குகிறது என்று பார்த்தார். கடைசியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதையும் வெங்காயம் போல உரிக்கத் தொடங்கினார். படம், அலங்காரம், விளையாட்டு எல்லாம் போயின. சத்தம் எதற்கு என்று அதையும் எடுத்தார். ஃபான்ட் என்கிற எழுத்து வகைகள் இருபத்தெட்டு இருந்தன. கம்ப்யூட்டருக்கு ஒரு எழுத்து வகை போதாதா? ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கினார்.

பதினோராம் நாள், அந்த அரதப்பழசான பெட்டி பதினான்கு நொடியில் திறந்தது. மெமரியில் வெறும் நாற்பத்தெட்டு எம்பி.

"பாருங்க வாத்தியாரம்மா! பஞ்சு மாதிரி இருக்கு."

பாத்திமா வந்து பார்த்தாள். அவளுக்குக்கூடக் கண் விரிந்தது. "யம்மாடி" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தது அவருக்கு விருது வாங்கின மாதிரி.

"இதை யாருக்குப் போடலாம்?" என்று கேட்டார்.

"யாராவது வருவாங்க."

வந்தாள். மறுநாள் சனிக்கிழமை காலையில் அன்னக்கனி வந்தாள்.

அன்னக்கனியை அந்தச் சாலையில் தெரியாதவர் கிடையாது. கலெக்டர் ஆபீஸ் வாசலில், தூங்குமூஞ்சி மரத்தடியில், ஒரு மேசை போட்டு மனு தட்டிக் கொடுக்கிறவள். எதிர்ச் சாரி ஜெராக்ஸ் கடையிலிருந்து வயர் இழுத்திருப்பாள். திங்கட்கிழமை கலெக்டர் மனு வாங்கும் நாள். அன்றைக்கு அவள் மேசைக்கு முன்னால் பட்டா மாறாதவர், பென்ஷன் வராதவர், தண்ணீர் வராத தெருக்காரர் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். புருஷன் போன பிறகு இருபத்திரண்டு வருஷமாக அவளுக்குச் சோறு போடுவது அந்த மேசைதான்.

ஆட்டோக்காரர் பெட்டியைத் தூக்கி வந்து வைத்துவிட்டுப் போனார். அன்னக்கனி படிக்கட்டுக் கைப்பிடியை விடாமல் மெதுவாக ஏறி வந்தாள்.

"ஏ பாத்திமா, ஒரு வாரமா இது வாயே தொறக்கல. அதுக்கு முன்னாடியும் ஒழுங்கா இல்ல. நான் தட்டுறது ஒண்ணு, அது காட்டுறது ஒண்ணா இருக்கு. போன மாசம் ஒரு பெரியவருக்கு சர்வே நம்பரை மாத்திக் காட்டிட்டு. மனு திரும்பி வந்துட்டு. அந்த மனுசன் எம் மேசைக்கு முன்னால நின்னு அழுதாரு."

"பெட்டியா மாத்துச்சு?" என்றார் கோமதிநாயகம்.

"பின்ன நானா மாத்துவேன்? பக்கத்து மேசைக்காரன் ஒவ்வொருத்தர்கிட்டயும் அதையே சொல்லிட்டுக் கெடக்கான். அன்னக்கனிக்கு வயசாயிட்டுன்னு. திங்கக்கெழமை நான் அங்க உக்காந்து பிழையில்லாம தட்டலைன்னா, அந்த மரத்தடிய விட்டு எந்திரிச்சிர வேண்டியதுதான். வேற எதுவும் எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

அவள் அழவில்லை. சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பாத்திமா கோமதிநாயகத்தைப் பார்த்தாள். "நீங்க செய்யுங்க அண்ணாச்சி."

அவர் பெட்டியைத் திறந்தார். டிஸ்க் போயிருந்தது. கடையில் இருந்த நல்ல டிஸ்க் ஒன்றை மாட்டினார். தன்னுடைய பஞ்சு போன்ற லினக்ஸை ஏற்றினார். அன்னக்கனிக்குப் பழக்கம் பழைய தட்டச்சு மெஷினின் சாவி வரிசை. அது அவருக்கும் தெரியும். பதினெட்டு வயதில் தட்டச்சுப் பரீட்சையில் தமிழ் லோயர் பாஸ் பண்ணினவர். அந்த வரிசையையும் மறக்காமல் வைத்தார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சரிசெய்த பெட்டியை அப்படியே தூக்கிக் கொடுப்பதில்லை. சொந்தக்காரரை அதன் முன்னால் உட்கார வைத்து, தினமும் செய்கிற வேலையைச் செய்யச் சொல்ல வேண்டும். அவர் செய்து முடிக்கும்வரை கடைக்காரர் வாயைத் திறக்கக் கூடாது. கையை நீட்டி எதையும் காட்டக் கூடாது. பேசாமல் பார்க்க வேண்டும். வந்த நாளிலிருந்து கோமதிநாயகத்துக்குப் பிடிபடாத வழக்கம் இது. நேரம் வீண் என்று நினைத்துக்கொள்வார்.

"உக்காருங்க அக்கா. ஒரு மனு தட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் பாத்திமா உள்பக்கம் திரும்பி வேறொரு பெட்டியில் கை வைத்தாள்.

அன்னக்கனி உட்கார்ந்தாள். இரண்டு கைகளும் சாவிப்பலகையின் ஓரங்களைத் தொட்டு, நடுவே வந்து நின்றன. அப்புறம் விரல்கள் ஓடத் தொடங்கின.

கோமதிநாயகம் தன் வாழ்நாளில் அப்படி ஒரு வேகத்தைப் பார்த்ததில்லை. அவள் சாவிகளைப் பார்க்கவே இல்லை. தாளையும் பார்க்கவில்லை. தாளே இல்லை. புள்ளியை முன்னால் தட்டி எழுத்தைப் பின்னால் தட்டுகிற அந்தப் பழைய முறை பிசகவில்லை. தலையைக் கொஞ்சம் இடதுபக்கம் சாய்த்துக்கொண்டு, யாரோ சொல்வதைக் கேட்டு எழுதுகிறவள் போல் தட்டினாள். வெற்றிலை போடும் நேரத்துக்குள் ஒரு பக்கம் முடிந்தது.

அவர் திரையைப் பார்த்தார்.

திரையில் ஒரு எழுத்துக்கூட இல்லை. மேலிருந்து கீழ்வரை வெறும் கட்டங்கள். சின்னச் சின்னக் காலிக் கட்டங்கள், வரிவரியாக.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. இருபத்தெட்டு எழுத்து வகைகளில் அவர் விட்டு வைத்த ஒன்று ஆங்கிலம். தமிழ் எழுத்தை அவரே கையால் தூக்கி எறிந்திருந்தார். முப்பது வருஷ சர்வர் அறையில் அவர் ஒரு தமிழ் எழுத்தைத் திரையில் பார்த்தது கிடையாது. அது வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. தமிழ்நாட்டில், தமிழ் மனு தட்டுகிறவளுக்கு, தமிழ் இல்லாத பெட்டியைக் கொடுக்க இருந்தார்.

வெட்கத்தில் காது சுட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

அதற்குள் அன்னக்கனி திரையை நோக்கித் தலையைச் சாய்த்து, மேலும் கீழும் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"நல்லா இருக்கு அண்ணாச்சி. எழுத்து முத்து முத்தா இருக்கு" என்றாள்.

கோமதிநாயகம் திறந்த வாயை மூடினார்.

பாத்திமா முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள். திரும்பாமலே சொன்னாள்.

"அக்கா, பிரிண்டரோட சேத்து ஒருக்கா பாக்கணும். பெட்டி இங்கயே இருக்கட்டும். திங்கக்கெழமை காலைல எட்டு மணிக்கு வாங்க."

"எட்டுக்கு வந்துருவேன். ஒம்பதுக்கு ஆளுக வந்துரும்" என்று அன்னக்கனி எழுந்தாள். கைப்பிடியைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் காலை வைத்து இறங்கினாள். காலையில் ஏறி வந்தபோதும் அப்படித்தான் ஏறினாள். அப்போது அதை முழங்கால் வலி என்று அவர் நினைத்திருந்தார்.

படிச் சத்தம் ஓய்ந்த பிறகு, "நான் தமிழ் எழுத்தை வைக்கல" என்றார்.

"வைங்க" என்றாள் பாத்திமா.

அவர் வைத்தார். ஒரு தமிழ் எழுத்து வகையை ஏற்றி, அன்னக்கனி தட்டியதை மறுபடி திறந்தார். கட்டங்கள் எல்லாம் ஒரே நொடியில் எழுத்துகளாயின. 'மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு' என்று தொடங்கியது. நானூறு வீடு இருந்தும் பஸ் நிற்காத ஏதோ ஒரு ஊருக்காக, பஸ் நிறுத்தம் கேட்கிற மனு.

கோமதிநாயகம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒருமுறை படித்து, நம்ப முடியாமல் மறுமுறை படித்தார். ஒரு ஒற்று பிசகவில்லை. ஒரு கொம்பு, ஒரு கால் தவறவில்லை. றகரமும் ரகரமும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. கண் தெரிகிற, படித்த, சம்பளம் வாங்குகிற எத்தனையோ பேரால் எழுத முடியாத ஒரு பக்கம். கண் தெரியாத ஒருத்தியின் விரல்கள் அதை வெற்றுக் கட்டங்களுக்கு மேலே எழுதிவிட்டுப் போயிருந்தன.

கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல் இருந்தது அவருக்கு. திரையைப் பார்த்துக் கும்பிடுவதா என்று கூச்சப்பட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

எண்களில் மட்டும் பிழை இருந்தது. தேதியில் ஒன்பதுக்குப் பதில் எட்டு. பின்கோடில் ஓர் எண் பக்கத்துச் சாவிக்கு நகர்ந்திருந்தது. எழுத்துச் சாவிகள் விரலடியிலேயே இருப்பவை. எண் சாவிகள் எட்டிப் பிடிக்க வேண்டிய மேல் வரிசை. அந்தப் பெரியவரின் சர்வே நம்பர் எப்படி மாறியது என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"வாத்தியாரம்மா, அந்த அம்மாவுக்கு..."

பாத்திமா கையை உயர்த்தினாள்.

"அவங்க உங்ககிட்ட சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்ப நீங்களும் என்கிட்ட சொல்லாதீங்க."

அவர் திகைத்துப்போனார். "சொல்லாம எப்படிச் சரி பண்றது?"

"பெட்டிக்கு என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க."

அவர் அந்தப் பிழையான எண்களை மறுபடி பார்த்தார்.

"பெட்டி பேசணும். தட்டத் தட்ட ஒவ்வொரு எழுத்தையும் எண்ணையும் சொல்லணும். வரி முடிஞ்சா முழு வரியையும் வாசிக்கணும். தமிழ்ல வாசிக்கிற குரல் இருக்கு. வைக்கலாம். ஆனா அதுக்குச் சத்தம் வேணும், இன்னும் என்னென்னவோ வேணும். நான் உரிச்சதுல பாதி திரும்ப வரும். பதினாலு நொடி பத்தொம்பது ஆயிரும்."

"ஆகட்டும். வைங்க."

"வச்சிருவேன். ஆனா..." அவர் குரல் இறங்கியது. "வச்சா அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சுபோகும், எனக்குத் தெரிஞ்சிட்டுன்னு. இத்தனை நாள் யாருக்கும் காட்டாம வச்சிருந்ததை நான் கண்டுபிடிச்சுப் பெட்டிக்குள்ள ஒட்டி அனுப்புன மாதிரி ஆகும். வைக்கலன்னா திங்கக்கிழமையோட அந்த மேசை போயிரும். நான் என்ன செய்ய?"

பாத்திமா கையில் இருந்த வேலைக்குத் திரும்பினாள். கடையைப் பூட்டும்போது, "நாளைக்கு ஞாயித்துக்கிழமைதான். ஒரு எட்டு வர முடியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வந்தபோது மேசைமேல் ஆறு பெட்டிகள் வரிசையாக இருந்தன. எல்லாம் வேலை முடிந்து, அந்த வாரத்தில் ஊருக்குள் போக வேண்டியவை. டியூஷன் சென்டர் பெட்டி ஒன்று, பால் சொசைட்டி ஒன்று, தையல் கடை ஒன்று, மாணவியர் விடுதி ஒன்று, சமையல்காரர் ஒருவருடையது ஒன்று, ஜோசியர் ஒருவருடையது ஒன்று. ஏழாவதாக அன்னக்கனியின் பெட்டி.

"அந்தக் குரலை இது எல்லாத்துலயும் வைங்க" என்றாள் பாத்திமா.

"எல்லாத்துலயுமா?"

"ஆமா."

"இவங்க யாரும் கேக்கலையே. ஜோசியருக்கு எதுக்குப் பேசுற பெட்டி? அவரே பேசிட்டுத்தான இருக்காரு?"

பாத்திமா சிரித்தாள். தானே முதல் பெட்டியின் முன் உட்கார்ந்தாள்.

அவருக்கு மனசு ஆறவில்லை. பழைய பெட்டிகள். ஒவ்வொரு எம்பியும் அவற்றுக்கு மூச்சு மாதிரி. பதினோரு நாள் உட்கார்ந்து இறக்கி வைத்த சுமையை, இப்போது கேட்காத ஆட்களின் தலையில் ஏற்றச் சொல்கிறாள். ஆனாலும் சீடர் சீடர்தான். முணுமுணுத்துக்கொண்டே செய்தார். சாயங்காலத்துக்குள் ஏழு பெட்டிகளும் பேசின. எல்லாம் ஒரே குரல், மூக்கடைத்த மாதிரி ஒரு குரல். எல்லாம் திறக்க ஐந்து நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டன.

திங்கட்கிழமை எட்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அன்னக்கனி படியேறி வந்துவிட்டாள். கீழே ஆட்டோ நின்றது. தலைக்கு எண்ணெய் வைத்து, கஞ்சி போட்ட சேலை கட்டியிருந்தாள்.

வழக்கப்படி பெட்டியின் முன்னால் உட்கார வைத்தார்கள். வழக்கப்படி இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அன்னக்கனி முதல் சாவியைத் தட்டினாள்.

"ம" என்றது பெட்டி.

அவள் கை விருட்டென்று பின்வாங்கியது.

"இது என்னது?"

"தட்டுறதைச் சொல்லும் அக்கா" என்றாள் பாத்திமா.

"எனக்கு எதுக்கு?" அன்னக்கனியின் குரல் மாறிவிட்டது. "யாரு கேட்டா? நான் கேட்டனா? பாத்திமா, எனக்கு எதுக்கு இதை வச்சிருக்கு?" அவள் முகத்தைக் கோமதிநாயகம் நிற்கும் பக்கம் திருப்பினாள். பார்வை அவர் முகத்தில் விழவில்லை. அவர் காதுக்கு அந்தப்புறம் எங்கேயோ விழுந்தது. "அண்ணாச்சி, நீங்க வச்சியளா?"

ஆமாம் என்றால் அவளுக்கு வலிக்கும். இல்லை என்றால் பொய். அவள் கைகள் மடியில் சும்மா கிடந்ததை அவர் பார்த்தார். அந்தக் கைகள் சாவியைத் தொட அஞ்சும் என்று சனிக்கிழமை யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். நாம் என்ன காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

பாத்திமா எழுந்தாள். மேசையில் இருந்த ஆறு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள். டியூஷன் சென்டர் பெட்டியில் ஒரு சாவியைத் தட்டினாள்.

"க" என்றது அது, மூக்கடைத்த குரலில்.

பால் சொசைட்டிப் பெட்டியைத் தட்டினாள். "த" என்றது.

தையல் கடை "ப" என்றது. விடுதி "அ" என்றது. சமையல்காரர் பெட்டி "ஏழு" என்றது. ஜோசியர் பெட்டி "ஒன்பது" என்றது.

அன்னக்கனி தலையைச் சாய்த்து ஒவ்வொன்றையும் கேட்டாள். ஒவ்வொரு குரலும் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று முகம் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"இதெல்லாம் யாரு பெட்டி?"

பாத்திமா சொன்னாள், ஒவ்வொன்றாக.

"ஜோசியருதுமா?"

"ஆமா அக்கா. இப்ப எங்க கடைல எந்தப் பெட்டி போனாலும் இது இருக்கும். வேண்டாம்னா மேல் வரிசைல முதல் சாவிய அமுக்குங்க. வாயை மூடிக்கிடும்."

அன்னக்கனியின் விரல் மேல் வரிசையைத் தேடிப்போய் அந்தச் சாவியைக் கண்டுபிடித்தது. அமுக்கினாள். ஒரு எழுத்தைத் தட்டினாள். சத்தமில்லை. மறுபடி அமுக்கினாள். தட்டினாள்.

"ம" என்றது பெட்டி.

அவள் இரண்டு கைகளையும் சாவிகள்மேல் வைத்தாள். அப்புறம் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

"ஏன், எல்லாத்துக்கும் ஒண்ணுபோலச் சளி பிடிச்சிருக்கு?"

"நல்ல குரல் வேற கெடைக்கல அக்கா."

"சரி, கெடக்கட்டும். பாவம், பேசிட்டுப் போவுது" என்று அன்னக்கனி எழுந்தாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோமதிநாயகமும் ஆட்டோவில் போனார். மரத்தடியில் இறக்கி, வயர் மாட்டி, பிரிண்டரைச் சேர்த்துக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியவர், போகாமல் டீக்கடைப் பக்கம் ஒதுங்கி நின்றார்.

ஒன்பது மணிக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அன்னக்கனி பெட்டியில் ஓர் இயர்போனை மாட்டி ஒரு காதில் செருகிக்கொண்டாள்.

"என்ன யக்கா, பாட்டு கேட்டுக்கிட்டே வேலையா?" என்றான் பக்கத்து மேசைக்காரன்.

"ஆமாலே. ஒனக்கு வெளங்காத பாட்டு."

முதலில் வந்தவர் ஒரு பெரியவர். பட்டா மாற வேண்டும். சர்வே நம்பர் நூற்று நாற்பத்து மூன்றில் இரண்டு என்றார். விரல்கள் ஓடின. எண்களுக்கு வந்ததும் ஒரு கணம் நின்றன. அவள் உதட்டைச் சுளித்தாள். ஒரு எண்ணை அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். தலையை ஆட்டிக்கொண்டாள். பிரிண்டர் தாளைத் துப்பியது.

பெரியவர் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். "நூத்தி நாப்பத்து மூணுல ரெண்டு. சரியா இருக்கு தாயி" என்று தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

டீக்கடை ஓரத்தில் நின்ற கோமதிநாயகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்தவர் வந்தார். அதற்கடுத்தவர் வந்தார். அந்த விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. மத்தியானம்வரை அங்கேயே நின்று பார்த்தார். எத்தனை டீ குடித்தார் என்பது டீக்கடைக்காரருக்குத்தான் தெரியும்.

கடைக்குத் திரும்பியபோது பாத்திமா சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். ஆறு பெட்டிகளும் மேசைமேல் அப்படியே இருந்தன. சாயங்காலம் டியூஷன் சென்டர்காரர் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"ஒரு பிழை இல்ல வாத்தியாரம்மா" என்றார் அவர்.

அவள் தலையசைத்தாள்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"என்ன தெரியுமா?"

வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆறு பெட்டிகளையும் பார்த்தார். ஐந்து நொடி அவர் மனசை இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

"அந்த அம்மா இதுகளோட குரலைக் கேட்டாச்சு, தன் பெட்டியைக் கொண்டும் போயாச்சு. இனி இந்த ஆறுலயும் குரலை எடுத்துரட்டுமா? பழைய பெட்டிங்க. வீணா அஞ்சு நொடி பிந்துது."

பாத்திமா கையைத் துடைத்துக்கொண்டு வந்து டியூஷன் சென்டர் பெட்டியை நிறுத்தினாள். வயரைச் சுருட்டி அதன்மேல் வைத்தாள்.

"அஞ்சு நொடிதான அண்ணாச்சி? ஆளுக்கு அஞ்சு நொடி காத்திருக்கட்டும். ஊர்ல ஒரே ஒரு பெட்டி மட்டும் பேசுச்சுன்னா, அது யாரு பெட்டின்னு கேப்பாங்க."